வேட்டையாடும் பூனையை நோயிலிருந்து காப்பது எப்படி?

நோயால் தளர்ந்து ஓட முடியாத எலியும் பறக்க இயலாத பறவையும்தான் பூனையின் பிடியில் முதலில் சிக்குகின்றன. ஆகவே வெளியே உலவும் பூனை பிடித்து வரும் ஒவ்வொரு இரையையும் நோய் சுமந்ததாகவே கருதி நடந்துகொள்வது நல்லது.

இரையை வாசலில் கொண்டுவந்து போடும் பூனையைத் திட்டி விரட்ட வேண்டாம். விரட்டினால் அடுத்த முறை அது மறைவிடத்தில் வைத்துத் தின்றுவிடக்கூடும். என்ன தின்றது என்பதே நமக்குத் தெரியாமல் போகும். பூனையை அமைதியாக வீட்டுக்குள் அழைத்துக்கொண்டு, கையுறை அணிந்தோ பிளாஸ்டிக் பையைக் கையில் கவிழ்த்துக்கொண்டோ இரையை எடுத்து, பையை இறுகக் கட்டி அப்புறப்படுத்திவிட்டு, சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். எந்த நாளில் எந்த விலங்கைப் பிடித்தது என்று குறித்து வையுங்கள். பிறகு பூனை நோயுற்றால் கால்நடை மருத்துவருக்கு மிகவும் பயன்படுவது அந்தக் குறிப்புதான்.

அன்றாடம் அதிகம் தொல்லை தருபவை புழுக்கள். எலியின் கல்லீரலில் தங்கியிருக்கும் நாடாப்புழுவின் இளம்பருவம், அந்த எலியைத் தின்ற பூனையின் குடலில் முழுப் புழுவாக வளர்கிறது. உருண்டைப்புழுவும் எலி வழியாக வரும். நத்தையில் வளரும் நுரையீரல் புழுவோ, அந்த நத்தையைத் தின்ற எலி, பறவை, தவளை ஆகியவற்றின் வழியாகப் பூனையை அடைந்து இருமலையும் மூச்சிரைப்பையும் உண்டாக்குகிறது. நாடாப்புழுவுக்குத் தரப்படும் பிராசிகுவாண்டல் மருந்து உடலில் நீண்ட நாள் தங்குவதில்லை என்பதால், இன்று மருந்து தின்ற பூனை அடுத்த வாரம் பிடிக்கும் எலியிலிருந்து மீண்டும் புழுவைப் பெறலாம். எனவே ஆண்டுக்கு ஒரு முறை மருந்து கொடுத்துவிட்டு நிம்மதியாக இருப்பது வேட்டைப் பூனைக்குப் பொருந்தாது. மூன்று மாதத்துக்கு ஒரு முறையாவது, அடிக்கடி இரை தின்னும் பூனைக்கு மருத்துவரைக் கேட்டு மாதம் ஒரு முறையாவது கொடுக்க வேண்டும். பல்லி தின்னும் பூனைக்கு ஈரலின் பித்தக் குழாய்களில் தட்டைப்புழு சேர்ந்து மஞ்சள் காமாலை வரக்கூடும். வழக்கமான குடற்புழு மருந்தின் அளவு அதற்குப் போதாது என்பதால், பல்லி தின்னும் பழக்கத்தைத் தவறாமல் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

டாக்சோபிளாஸ்மா என்னும் ஒட்டுண்ணி பூனையைவிட வீட்டிலுள்ளவர்களுக்கே அதிகக் கவலை தருவது. தொற்றுள்ள இரையை முதன்முறை தின்ற பூனை, ஒன்று முதல் மூன்று வாரம் வரை மலத்தில் அதன் முட்டை போன்ற உருவங்களை வெளியேற்றும். அவை நோய் பரப்பும் நிலையை அடைய ஒன்று முதல் ஐந்து நாள் ஆகும் என்பதால், மலத்தட்டை நாள்தோறும் சுத்தம் செய்தாலே ஆபத்தின் பெரும்பகுதி நீங்கிவிடும். கருவுற்ற பெண்களும் நோய் எதிர்ப்பாற்றல் குன்றியவர்களும் அந்த வேலையைப் பிறரிடம் விட்டுவிட வேண்டும். தோட்ட மண்ணைக் கையாளும்போது கையுறை அணிய வேண்டும். பூனையை வீட்டைவிட்டு அனுப்பத் தேவையில்லை.

பறவைகளிடமிருந்து சால்மோனெல்லா என்னும் பாக்டீரியாத் தொற்று வரும். காய்ச்சல், சோர்வு, வயிற்றுப்போக்கு ஆகியவை அதன் அறிகுறிகள். பறவைக் காய்ச்சல் அரிது, ஆனால் கொடியது: 2004-ஆம் ஆண்டு தாய்லாந்தில், நோயுற்ற பறவைகளைத் தின்ற பூனைகள் எச்5என்1 வைரஸால் இறந்தன. சுற்றுவட்டாரத்தில் பறவைகள் கூட்டமாகச் செத்து விழுந்தால் பூனையை வெளியே விடாதீர்கள்.

வௌவாலிடமிருந்து ரேபிஸ் என்னும் வெறிநோய் தொற்றக்கூடும் என்பதால், பூனை வௌவாலைப் பிடித்திருந்தால் ஒரு நாளும் தாமதிக்க வேண்டாம். ரேபிஸ் தடுப்பூசி போட்ட பூனையானாலும் அன்றே மருத்துவரிடம் கொண்டு செல்லுங்கள், ஏனெனில் மறு ஊசி தேவைப்படும். செத்த வௌவாலை வெறுங்கையால் தொடாமல், தலை சிதையாதபடி எடுத்து வைத்தால் மூளையைப் பரிசோதிக்க இயலும். வௌவால் உங்களைக் கடித்திருந்தால், கடித்த இடத்தை 15 நிமிடம் சோப்பும் நீரும் கொண்டு கழுவிவிட்டு உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.

எலியின் மேலிருந்து தாவும் தெள்ளுப்பூச்சிக்கு மாதந்தோறும் மருந்திடுங்கள். நாய்க்கான பெர்மெத்ரின் மருந்து பூனையைக் கொல்லும். காய்ச்சல் என்று பாராசிட்டமாலும் தரக் கூடாது, அதுவும் உயிரைப் பறிக்கும். ஈறு வெளுத்து, உடலில் இரத்தக் கசிவு தென்பட்டால், நஞ்சு தின்ற எலியைப் பூனை தின்றிருக்கலாம் என்று மருத்துவரிடம் தெரிவியுங்கள். இரத்தம் உறைவதைத் தடுக்கும் எலி நஞ்சுக்கு மாற்று மருந்தான வைட்டமின் கே1 உரிய நேரத்தில் கிடைத்தால் பிழைக்க வாய்ப்புண்டு.

இத்தனைக்கும் மேலாக, வேட்டையையே குறைக்க முடியும். இறைச்சிப் புரதம் மிகுந்த உணவு தந்தபோது பூனைகள் வீட்டுக்குக் கொண்டுவந்த இரை 36 விழுக்காடும், தினமும் ஐந்து முதல் பத்து நிமிடம் விளையாடியபோது 25 விழுக்காடும் குறைந்ததாக இங்கிலாந்தின் எக்ஸெட்டர் பல்கலைக்கழக ஆய்வு 2021-இல் காட்டியது. கழுத்தில் கட்டிய மணியால் குறிப்பிடத்தக்க பயன் தெரியவில்லை. ஆகவே மணியை நம்பாமல், மாலையில் இறகுப் பொம்மையோடு சற்று நேரம் விளையாடி, வயிறு நிறைய உணவு கொடுத்து, இருட்டுவதற்குள் கதவைச் சாத்திவிடுங்கள்.