தேசிய இசை விருதுக்குப் பாடல் அனுப்புவோர் செய்யும் தவறுகள்

தேசிய அளவிலான இசை விருதுக்கு விண்ணப்பம் கோரும் அறிவித்தல் பத்திரிகையில் வந்தால், அந்தக் கிழமைக்குள் இரண்டு மூன்று இளைஞர்களாவது படிவத்தோடு உவர்மலையில் இருக்கும் எங்கள் வீட்டு முன்னறைக்கு வந்துவிடுவார்கள். படிவம் நிரப்பித் தருபவன் என்பதைத் தவிர எனக்கு இசையுலகில் வேறு இடமில்லை. ஆனாலும் திருகோணமலையிலிருந்து போன நல்ல பாடல்கள் பல, நடுவர்களின் காதுக்கு எட்டும் முன்பே எழுதுவினைஞரின் மேசையில் நின்றுபோனதை அருகிலிருந்து பார்த்திருக்கிறேன்.

முதல் சறுக்கல் பிரிவைத் தெரிவதில் நேர்கிறது. நாம் 'பாட்டு' என்று ஒரே சொல்லால் அழைப்பதை விருதுக் குழுக்கள் பல துண்டுகளாகப் பார்க்கின்றன. அமெரிக்காவின் கிராமி விருதுகளில் ஆண்டின் சிறந்த ஒலிப்பதிவு என்பது பாடியவரையும் தயாரிப்பாளரையும் ஒலிப்பொறியாளரையும் சேரும். ஆண்டின் சிறந்த பாடல் என்பது இயற்றியவர்களை மட்டுமே சேரும். 2010 இல் ஏ. ஆர். ரஹ்மானுக்கு 'ஜெய் ஹோ' என்ற திரைப்பாடலுக்காகக் கிடைத்த கிராமி, இயற்றியவர்கள் என்ற வகையில் அவருக்கும் குல்சாருக்கும் தன்வி ஷாவுக்கும் உரியதாயிற்று. அந்தப் பாடலின் முதன்மைக் குரலாக உலகம் அறிந்த சுக்விந்தர் சிங் அந்தப் பட்டியலில் இல்லை. இந்திய தேசியத் திரைப்பட விருதுகளிலும் 2009 ஆம் ஆண்டுப் படங்களுக்கான இசை விருது இரண்டாகப் பிரிந்து, பாடல்களுக்காக அமித் திரிவேதிக்கும் பின்னணி இசைக்காக இளையராஜாவுக்கும் வழங்கப்பட்டது. கிண்ணியாவிலிருந்து வந்த தம்பி ஒருவர் தானே எழுதி, தானே மெட்டமைத்து, தானே பாடிய பாடலைச் சிறந்த பாடகர் பிரிவில் போட்டிருந்தார். மெட்டு அபாரம், குரல் சுமார். அதை அவர் முகத்துக்கு நேரே சொல்ல எனக்கு அரை மணி நேரமும் இரண்டு பிளேன்ரீயும் தேவைப்பட்டன.

அடுத்தது காலம். விழா நடக்கும் ஆண்டும் பாடல் வெளிவந்திருக்க வேண்டிய ஆண்டும் ஒன்றென்று நினைத்துவிடுகிறார்கள். 2025 பெப்ரவரியில் நடந்த 67 ஆவது கிராமி விழாவுக்கு, 2023 செப்டெம்பர் 16 முதல் 2024 ஓகஸ்ட் 30 வரை வெளியான ஒலிப்பதிவுகளே தகுதி பெற்றன. நம்மவர் செய்யும் இன்னொரு காரியம், கோணேசர் திருவிழாவுக்கென அவசரமாகப் பாடிய அரைகுறை வடிவத்தை யூடியூபில் ஏற்றிவிட்டு, இரண்டு வருடம் கழித்து அதையே செப்பனிட்டுப் 'புதிய பாடல்' என்று அனுப்புவது. பழைய பதிவின் திகதி அங்கே எல்லோரும் பார்க்கக்கூடியதாக இருக்கிறது. அதை நீக்கிவிட்டு அனுப்பலாமா என்று கேட்பவர்களுக்கு நான் சொல்வது, ஒன்றையும் மறைக்காமல் விதிமுறையை வாசியுங்கள், மறுபதிவுக்குத் தனி ஏற்பாடு இருக்கிறதா என்று அலுவலகத்திலேயே கேளுங்கள் என்பதுதான்.

எல்லாவற்றிலும் பெரிய தவறு பெயர்களில் நேர்கிறது. 'மற்றும் குழுவினர்' என்ற இரண்டு சொற்களை நம் ஊர்ப் படிவங்களில் கண்டாலே எனக்கு அச்சம். மெத்தையைச் சுவரில் சாய்த்து, மின்விசிறியை நிறுத்தி, வெளியே காகம் கத்தும்போதெல்லாம் மறுபடி தொடங்கி, வியர்வை சொட்ட ஒரு பகல் முழுவதும் வாசித்த மிருதங்கக்காரரின் பெயர் அந்த இரண்டு சொற்களுக்குள் காணாமல் போய்விடுகிறது. ஒருமுறை அப்படி விடுபட்ட பெயரைக் கவனிக்காமல் படிவத்தை ஒட்டி அனுப்பியவன் நானே. அவர் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் அதன்பின் அந்தக் குழுவுக்கு வாசிக்க வரவுமில்லை. செய்யாதவரின் பெயரைச் சேர்ப்பது இதைவிட மோசமானது. மில்லி வனில்லி என்ற இருவர் குழு 1990 இல் சிறந்த புதிய கலைஞருக்கான கிராமியைப் பெற்று, இசைத்தட்டில் ஒலித்த குரல் தங்களுடையதல்ல என்பது வெளியானதும் அதே ஆண்டிலேயே அதை இழந்தது.

பெயரின் எழுத்தும் கவனிக்கத்தக்கது. தர்ஷினி என்ற பெயர் தேசிய அடையாள அட்டையில் 'ரீ எச்' இல் தொடங்கும், இணையத்தில் வெளியான பாடலில் 'டீ எச்' இல் தொடங்கும், வங்கிப் புத்தகத்தில் தகப்பன் பெயருக்குப் பின்னால் ஒளிந்திருக்கும். மூன்றும் ஒருவரே என்று கொழும்பில் இருப்பவருக்கு எப்படித் தெரியும்? பாடலின் தலைப்புக்கும் இதே கதிதான், அதில் ஒரு 'ழ' இருந்துவிட்டால் சொல்லவே வேண்டாம். இதற்குத்தான் ஒலிப்பதிவுகளுக்கு ஐ.எஸ்.ஆர்.சி. என்ற பன்னிரண்டு இடக் குறியீடு இருக்கிறது. அது ஒலிப்பதிவைக் குறிப்பது, இயற்றப்பட்ட பாடலை அல்ல. ஆகவே ஒரே பாடலை வேறொரு குரலில் பதிந்தால் வேறு குறியீடு வேண்டும், ஒரே பதிவை இரண்டு விநியோகத்தார் வழியாக ஏற்றினாலும் குறியீடு ஒன்றாகவே இருக்க வேண்டும்.

உரிமை பற்றிய குழப்பம் பாரதியாரிடமிருந்து தொடங்குகிறது. அவர் 1921 இல் மறைந்தார்; இலங்கையின் 2003 ஆம் ஆண்டு 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் ஆக்கியோனின் ஆயுட்காலத்துக்குப் பின் 70 ஆண்டுகள் பதிப்புரிமை தருவதால், அவருடைய வரிகளுக்கு இங்கே யாரும் அனுமதி பெற வேண்டியதில்லை. ஆனால் அந்த வரிகளுக்கு ஒரு திரைப்பட இசையமைப்பாளர் போட்ட மெட்டு அவருடையது. வரி பொதுச்சொத்து என்பதால் மெட்டும் அப்படியே என்று எண்ணிப் பாடி அனுப்புவதும், கரோக்கிக்கு மேல் பாடியதைச் சொந்த ஆக்கம் என்று எழுதுவதும் சட்டப்படியும் பிழை, போட்டி விதிப்படியும் பிழை. உயிரோடிருக்கும் உள்ளூர்க் கவிஞரிடம் வாய்ச்சொல்லாகப் பெற்ற சம்மதத்தையும் ஒரு தாளில் எழுதிக் கையொப்பம் வாங்கிக்கொள்வது நல்லது.

ஒலிக்கோப்பைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. வாட்ஸ்அப்பில் வந்து சுருங்கிய எம்பி3 கோப்பை வேவ் கோப்பாக மாற்றினால் பருமன் கூடுமே தவிர, இழந்த ஒலி திரும்பாது. பதிவு செய்த இடத்துக்கே பென்டிரைவோடு போய் மூலக்கோப்பை வாங்குங்கள்.

முகநூலில் 'எங்கள் திருமலைப் பிள்ளைக்கு வாக்களியுங்கள்' என்று பகிர்வதும் பெரும்பாலும் வீண் முயற்சி. தொலைக்காட்சிப் போட்டிகளின் குறுஞ்செய்தி வாக்கு நம்மை அப்படிப் பழக்கிவிட்டது. கிராமியில் வாக்களிப்போர் அதன் உறுப்பினரான இசைத்துறையினர் மட்டுமே. நடுவர் குழு தீர்மானிக்கும் விருதுகளில் பொதுமக்களின் விருப்பக்குறிக்கு வேலையே இல்லை. நடுவரின் தொலைபேசி எண்ணைத் தேடிப்பிடிக்கும் மாமாமார் அதைவிட ஆபத்தானவர்கள்.

கடைசியாகத் தபால். 'முடிவுத் திகதிக்கு முன் கிடைக்கக்கூடியதாக' என்றால், அந்தத் திகதிக்குள் கடிதம் அங்கே போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். அன்றைக்குத் தபாற்கந்தோர் முத்திரை விழுந்தால் போதாது. வெள்ளிக்கிழமை பின்னேரம் பதிவுத் தபாலில் போடும் உறை வார இறுதியை வழியிலேயே கழிக்கும். உறையின் இடதுபக்க மேல் மூலையில் பிரிவின் பெயரை எழுதச் சொல்லியிருந்தால் அதை எழுதிவிட்டே ஒட்டுங்கள். பற்றுச்சீட்டைப் படிவத்தின் போட்டோப் பிரதியோடு சேர்த்துக் குத்தி வையுங்கள். சட்டைப் பையில் விட்டால் சலவையோடு போய்விடும், எங்கள் வீட்டில் இரண்டு தடவை போயிருக்கிறது.