சாஃப்ட்வேர் கம்பெனி தடுமாறுதா? ஷேர் வச்சிருக்கறவங்க மேனேஜ்மென்ட்ட எடை போடுறது எப்படி

ஷேர் விலை பாதியா விழுந்ததும் எல்லாரும் கேக்குறது விக்கலாமா வச்சிருக்கலாமான்னுதான். அதுக்கு முன்னாடி சிஇஓவும் போர்டும் நம்பக்கூடிய ஆளுங்களான்னு பாக்கணும், புரோக்கர் சொல்லட்டும்னு காத்திருக்காம ஒரு ஞாயித்துக்கிழமை உக்காந்தா நாமளே பாத்துடலாம்.

முதல்ல மூணு வருஷத்துக்கு முந்தின ரிசல்ட் கான்கால் ட்ரான்ஸ்கிரிப்ட்ட, அதாவது ரிசல்ட் வந்ததும் முதலீட்டாளர்களோட மேனேஜ்மென்ட் போன்ல பேசினதோட எழுத்து வடிவத்த எடுங்க, கம்பெனி வெப்சைட்லயே ஃப்ரீயா கிடைக்கும். அன்னைக்கு என்ன சொன்னாங்கன்னு ஒரு பேப்பர்ல எழுதிட்டு பக்கத்துலயே என்ன நடந்துச்சுன்னு எழுதுங்க. இன்ஃபோசிஸ் மாதிரி பெரிய கம்பெனிலயே அப்போ சிஇஓவா இருந்த விஷால் சிக்கா 2020க்குள்ள 2,000 கோடி டாலர் வருமானம்னு டார்கெட் வச்சாரு, 2017 ஆகஸ்ட்ல அவரே ராஜினாமா பண்ணிட்டாரு, 2020 மார்ச்ல முடிஞ்ச வருஷத்துல வந்தது சுமார் 1,280 கோடி டாலர்தான். டார்கெட் தப்புறது குத்தமில்ல, ஆனா ஏன் தப்புச்சுன்னு வாயத் திறந்து சொல்றாங்களா, இல்ல பழச அப்படியே விட்டுட்டு புதுசா ஏஐ அது இதுன்னு பேச ஆரம்பிக்கிறாங்களா, அதுலதான் ஆள் தெரிஞ்சிடும்.

அடுத்து காசு. லாபம்னு போட்டிருக்கறத மட்டும் பாக்காதீங்க, கேஷ் ஃப்ளோ பக்கத்துக்குப் போங்க. வருஷ சேல்ஸ் 1,000 கோடி, கஸ்டமர்கிட்ட வர வேண்டிய பாக்கி 250 கோடின்னா பணம் கைக்கு வர கிட்டத்தட்ட 91 நாள் ஆகுதுன்னு அர்த்தம். இந்த நாள் கணக்கு வருஷா வருஷம் ஏறிட்டே போனா, கணக்குல காட்டியும் இன்னும் பில் போடாத வருமானமும் கூடவே ஏறினா, சேல்ஸ கஷ்டப்பட்டு இழுத்துக் காட்டுறாங்களோன்னு சந்தேகப்படணும்.

பேங்க்ல நிறைய பணம் இருக்குன்னு காட்டினாலும் அப்படியே நம்பிடாதீங்க ப்ளீஸ். சத்யம்னு ஒரு பெரிய சாஃப்ட்வேர் கம்பெனி, அதோட கணக்குப் புக்ல 5,361 கோடி ரூபாய் இருந்துச்சு, அதுல 5,040 கோடி இல்லவே இல்லைன்னு 2009 ஜனவரி 7ல அதோட சேர்மன் ராமலிங்க ராஜுவே லெட்டர் எழுதினாரு. அதுக்கு மூணு வாரம் முன்னாடிதான் ராஜு குடும்பத்து மேட்டாஸ் கம்பெனிங்கள 160 கோடி டாலருக்கு வாங்கப் போறோம்னு அறிவிச்சு, முதலீட்டாளர்கள் கொதிச்செழுந்ததும் சில மணி நேரத்துலயே பின்வாங்கினாங்க, ஆனா போர்டு முதல்ல அதுக்கு சரின்னு சொல்லியிருந்துச்சு, பெரிய பெரிய பேருங்க இருந்த போர்டு. அதனால போர்டுல வெளியாளா இருக்கற இன்டிபென்டன்ட் டைரக்டர் பேரப் பாத்து மயங்காம, சொந்தக்காரங்க கம்பெனியோட என்ன டீல் நடந்திருக்குன்னு ஆனுவல் ரிப்போர்ட்ல ரிலேட்டட் பார்ட்டி பக்கத்த வரி விடாம படிங்க. ப்ரோமோட்டர், அதாவது கம்பெனிய கையில வச்சிருக்கற முதலாளிங்க, ஷேர அடகு வச்சிருக்காங்களான்னு காலாண்டுக்கு ஒரு தடவை வர ஷேர்ஹோல்டிங் பேட்டர்ன்ல (யார்கிட்ட எவ்வளவு ஷேர்ங்கற பட்டியல்) பாருங்க, சத்யத்துல அடகு வச்ச ஷேரத்தான் கடன் கொடுத்தவங்க வித்துத் தள்ளினாங்க.

மேனேஜ்மென்ட் சம்பளம், ஆட்டிட்டர் மாத்தம், நிதிப் பொறுப்புல இருக்கற சிஎஃப்ஓ திடீர்னு கிளம்புறது, இதெல்லாம் கம்பெனி ஸ்டாக் எக்ஸ்சேஞ்சுக்குக் கொடுக்கற ஃபைலிங்லயே வரும். ஆட்டிட்டர் பாதி டேர்ம்ல விலகினா எனக்கு அது ஒண்ணே போதும்.

பாத்தாச்சு, திருப்தியில்லன்னா எதிர்த்து ஓட்டுப் போடுங்க. நிறைய பேர் ஏஜிஎம் (வருஷாந்திரப் பொதுக்கூட்டம்) மெயில திறக்காமலே அழிக்கிறாங்க, அது ரொம்ப வருத்தமா இருக்கு. டைரக்டர் நியமனத்துக்கு சாதாரண தீர்மானம்னா பாதிக்கு மேல ஓட்டு வேணும், சிறப்புத் தீர்மானம்னா ஆதரவு எதிர்ப்பப் போல மூணு மடங்காவது இருக்கணும், அதனால சின்ன ஷேர்ஹோல்டர்ஸும் ஃபண்டுகளும் சேர்ந்து எதிர்த்தா தடுத்துடலாம். மியூச்சுவல் ஃபண்ட் எப்படி ஓட்டுப் போட்டுச்சு, ஏன்னு அவங்க வெப்சைட்ல காரணத்தோட இருக்கும், அதப் படிச்சிட்டு முடிவெடுத்தாலும் சரி. கேள்வி கேக்கணும்னா நோட்டீஸ்ல சொன்ன தேதிக்குள்ள ஸ்பீக்கரா பதிவு பண்ணிக்கங்க, ஒரே ஒரு கேள்வி, நம்பரோட கேளுங்க. ஆன்லைன் ஓட்டு மூணு நாளாவது திறந்திருக்கும், மீட்டிங்குக்கு முந்தின நாள் சாயங்காலம் 5 மணிக்கு மூடிடும்.