ஆன்லைன் கேமுக்குள் போகும் முன் என்னவெல்லாம் பார்க்க வேண்டும்

எங்கள் கூட்டத்தில் அடுத்து எந்த கேம் விளையாடுவது என்று தேடிச் சொல்லும் வேலை என்னுடையது. நாங்கள் நான்கு பேர், எல்லோரும் வேலைக்குப் போகிறவர்கள், ஒருவன் வீட்டில் கைக்குழந்தை. சேர்ந்து உட்கார வாரத்தில் ஓர் இரவு கிடைத்தாலே பெரிது. அதனால் கிராபிக்ஸ், வரைபடம் எல்லாவற்றுக்கும் முன்னால் நான் ஒரே ஒரு கேள்வியைக் கேட்பேன்: ஒரு மாதம் இந்தப் பக்கமே வராமல் இருந்துவிட்டுத் திரும்பினால் எனக்கு எதெல்லாம் போயிருக்கும்?

பதில் தெரிய கேமை வாங்கவே வேண்டாம். அதன் பேட்டில் பாஸ், அதாவது விளையாட விளையாடப் பரிசுகளைத் திறந்துவிடும் சீட்டு, அதன் விவரத்தைப் படியுங்கள். காசு கொடுத்து வாங்கிய பாஸ் அந்த சீசன் (குறிப்பிட்ட காலம் ஓடும் சுற்று) முடிந்ததும் காலாவதி ஆகிறதா? ஆகிறது என்றால், நீங்கள் வாங்கிய பொருளை அடைய அவர்கள் சொல்லும் தேதிக்குள் அவர்கள் சொல்லும் அளவு விளையாடியாக வேண்டும். பாஸை இப்படிக் காலாவதி ஆக்கியே தீர வேண்டும் என்று இல்லை. ஹேலோ இன்ஃபினிட் 2021இல் வந்தபோதே அதன் பாஸ் காலாவதி ஆகாதபடி வைத்தார்கள். ஹெல்டைவர்ஸ் 2இல் வார்பாண்டு என்ற பெயரில் வரும் பாஸ்களும் அப்படித்தான், இன்று வாங்கி அடுத்த வருடம்கூட முடிக்கலாம். இப்படிச் செய்ய முடியும் என்று தெரிந்த பிறகு, செய்யாத கேம்களிடம் எனக்குப் பொறுமை குறைந்துவிட்டது.

அப்புறம் கேம் உங்களுக்குத் தரும் தினசரி வேலைகள். ஒரு நாள் தவறினால் தொடர்ச்சி அறுந்து முதலிலிருந்து எண்ணும் கேமாக இருந்தால் ஒதுக்கிவிடுங்கள். சட்டை, தொப்பி, துப்பாக்கியின் நிறம் போன்றவை சீசனோடு போனால்கூட நான் பொறுத்துக்கொள்வேன். ஆனால் சண்டையில் பலம் தரும் ஆயுதமோ கதாபாத்திரமோ போகிறது என்றால் நிச்சயமாக வேண்டாம். குழந்தைக்குக் காய்ச்சல் என்று மூன்று வாரம் வராத நண்பன் திரும்பி வரும்போது, எங்களோடு ஒரே மேட்சில் நிற்கக்கூட முடியாமல் போவதை நான் பார்த்திருக்கிறேன். நாங்கள் அந்த கேமுக்கு வந்ததே அவனோடு பேசிச் சிரிக்கத்தான். அதையே பிடுங்குகிற வடிவமைப்பை எவ்வளவு அழகாகச் செய்திருந்தாலும் என்னால் மன்னிக்க முடியாது.

அடுத்து கடை. கேமுக்குள் தனி நாணயம் இருந்தால் ஒரு பொருளின் விலையையும் நாணயப் பொதிகளின் அளவையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பொருள் 800, பொதிகள் 500, 1000 என்று இருந்தால் 200 நாணயம் தேங்கும்படியே கணக்குப் போட்டிருக்கிறார்கள். எதையும் நிஜப் பணமாக மாற்றிப் பார்த்த பிறகே வாங்குங்கள். உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாமலே வாங்க வேண்டிய பரிசுப் பெட்டியான லூட் பாக்ஸ் பக்கம் போகவே வேண்டாம். 2018இல் பெல்ஜியத்தின் சூதாட்ட ஆணையம் சில பெரிய கேம்களின் லூட் பாக்ஸ்களைச் சூதாட்டம் என்றே சொன்னது. கார்டு விவரத்தையும் கணக்கில் சேமிக்காதீர்கள். ஒரே பட்டனை அழுத்தினால் வாங்கிவிடும்படி வைத்திருந்ததற்காக, ஃபோர்ட்நைட் நிறுவனம் 24.5 கோடி டாலரைத் திருப்பித் தர வேண்டும் என்று அமெரிக்க வர்த்தக ஆணையத்துடனான வழக்கில் 2022 டிசம்பரில் முடிவானது.

சரி, கேமை இணையத்தில் நடத்தும் கணினியான சர்வர் யாருடையது? பலர் கடைசியில் கேட்கும் இந்தக் கேள்வியை நான் வாங்கும் முன்பே கேட்கிறேன். யுபிசாஃப்டின் 'தி க்ரூ' 2014இல் வந்த கார் பந்தய கேம். 2024 மார்ச் 31 அன்று சர்வரை மூடினார்கள். தனியாக ஓட்டுவதற்கும் சர்வர் தேவைப்பட்டதால், காசு கொடுத்து வாங்கியவர்களால்கூட அதன்பின் அதைத் திறக்க முடியவில்லை. அந்தக் கோபத்தில் பிறந்ததுதான் 'ஸ்டாப் கில்லிங் கேம்ஸ்' இயக்கம். அதன் ஐரோப்பிய மனுவில் 2025இல் பத்து லட்சத்துக்கும் மேற்பட்டோர் கையெழுத்திட்டார்கள். சர்வரை என்றென்றும் நடத்துங்கள் என்று அவர்கள் கேட்கவில்லை. நீங்கள் விலகும்போது கேமை விளையாடக்கூடிய நிலையில் விட்டுவிட்டுப் போங்கள் என்கிறார்கள். இது முடியாத காரியமும் இல்லை. 1996இல் வந்த குவேக்கிலேயே விளையாடுகிறவர்கள் சொந்தமாக சர்வர் வைத்துக்கொண்டார்கள். வீடு கட்டி விளையாடும் மைன்கிராஃப்டிலும் வால்ஹைமிலும் இன்றும் வைக்கலாம். நான்கைந்து பேர் கொண்ட கூட்டத்துக்கு என் முதல் சிபாரிசு இந்த வகைதான்: எப்போது வந்தாலும் கட்டிய வீடு அங்கேயே நிற்கும்.

இவ்வளவும் தேறிய கேமை ஸ்டீம் என்ற இணையக் கடையில் வாங்கினால், 14 நாளுக்குள், இரண்டு மணி நேரத்துக்குக் குறைவாக விளையாடியிருந்தால், பணத்தைத் திருப்பிக் கேட்கலாம். அந்த நேரத்தைப் பயிற்சிப் பகுதியிலேயே கரைக்காதீர்கள். நீங்கள் வழக்கமாக விளையாடும் அதே இரவு நேரத்தில் நேராக மேட்சுக்குள் போங்கள். ஆள் சேர எவ்வளவு நேரம் ஆகிறது, பிங் (சர்வருக்குத் தகவல் போய்த் திரும்பும் நேரம்) எவ்வளவு என்று கவனியுங்கள். 50 மில்லிசெகண்டுக்குள் இருந்தால் நிம்மதி. துப்பாக்கிச் சண்டை கேமில் 100ஐத் தாண்டினால், சுவருக்குப் பின்னால் ஒளிந்த பிறகும் குண்டு படும். திட்டுகிறவரின் குரலை ஒரே அழுத்தில் அடைக்க முடிகிறதா என்பதையும் அங்கேயே சோதித்துவிடுங்கள்.

கடைசியாக, கடந்த சில பேட்ச் குறிப்புகளை, அதாவது ஒவ்வொரு புதுப்பிப்பிலும் என்ன மாறியது என்று சொல்லும் பட்டியல்களை, படியுங்கள். பழுது நீக்கியது அதிகமா, கடைக்கு வந்த புதுச் சரக்கு அதிகமா என்று பார்த்தாலே அந்தக் குழு எதற்கு நேரம் செலவிடுகிறது என்று புரியும். பழைய வடிவத்திலேயே 2013இல் திரும்பி வந்த ஓல்ட் ஸ்கூல் ரூன்ஸ்கேப் கேமில் பெரிய மாற்றங்களை விளையாடுகிறவர்களின் வாக்கெடுப்புக்கு விட்டே சேர்க்கிறார்கள். அதுபோல ஒரு கேம் கிடைத்தால் வாக்கெடுப்பைத் தவறவிடாதீர்கள். அப்படி வழி இல்லாத கேமுக்கு, ஸ்டீம் விமர்சனத்தில் எழுதுங்கள். வெறும் 'மோசம்' என்று விடாமல், பாஸ் காலாவதி ஆனதால் நிறுத்தினேன், ஆஃப்லைன் வசதி வந்தால் திரும்பி வருவேன் என்று குறிப்பாக எழுதுங்கள்.