மூலிகைச் சாறும் ஈயமும்: ஆய்வில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன வாரம் ஒரு மாணவி இரண்டு கை நிறைய வல்லாரைக் கட்டுகளோடு ஆய்வுகூடத்துக்கு வந்தாள். "அக்கா, புறக்கோட்டையில மலிவா கிடைச்சது" என்றாள். ஈயம் கொடுத்த எலிகளின் ஈரலை வல்லாரைச் சாறு காக்குமா என்பது அவளது ஆய்வு. கட்டுகளைப் பார்த்ததும் எனக்கு வயிற்றைப் பிசைந்தது. 12 வருடங்களுக்கு முன் இதே மாதிரி ஓர் ஆய்வுக்கு நானும் கொழும்பின் அதே சந்தையில் அப்படித்தான் வாங்கினேன்.

கையுறை, தராசு பற்றியெல்லாம் இங்கே எழுதப்போவதில்லை.

இலையைச் சோதிக்காமல் சாறு எடுப்பது

என்னுடைய அந்த ஆய்வில் 40 எலிகள், நான்கு மாதம். ஈயம் எதுவும் கொடுக்காமல் சாறு மட்டும் குடித்த எலிகளின் இரத்தத்திலும் ஈயம் இருந்தது. கருவி பிழை என்று நினைத்து மூன்று தரம் அளந்தேன். அப்புறம்தான் மிச்சமிருந்த இலைத்தூளை அமிலத்தில் கரைத்து, உலோகத்தை அளக்கும் அணு உறிஞ்சல் கருவியில் வைத்தேன். ஈயம் இலைக்குள்ளேயே இருந்தது. சாறு காப்பாற்றியதா, நஞ்சைக் கூட்டியதா என்று பிரித்துச் சொல்ல வழியே இல்லை. 40 உயிர்கள் வீணாகப் போயின, இன்றைக்கும் அதை நினைத்தால் கோபம் வருகிறது.

கொழும்பைச் சுற்றியுள்ள சதுப்பு நிலங்களில் கீரை வளர்க்கிறார்கள், நகரத்து வடிகால் தண்ணீரும் அங்கேதான் போய்ச் சேர்கிறது. அந்த மாணவியின் வல்லாரைக் கட்டுகளிலும் வேரோடு கறுப்புச் சேறு ஒட்டியிருந்தது. சேற்றைக் கழுவலாம், வேர் உறிஞ்சி இலைக்கு அனுப்பிவிட்ட ஈயத்தையும் கட்மியம் என்ற இன்னொரு நச்சு உலோகத்தையும் கழுவ முடியாது. பச்சை இலையில் 85 சதவீதத்துக்கு மேல் தண்ணீர் என்பதால் காய வைத்தால் ஒவ்வொரு கிராமிலும் உலோகம் பல மடங்கு கூடும்.

ஆகவே மண் தெரிந்த ஒரே தோட்டத்தில், முழு ஆய்வுக்கும் போதுமான இலையை ஒரே தடவையில் பறியுங்கள். சாறு எடுக்க முதல் ஈயம், கட்மியம், ஆர்செனிக் மூன்றையும் அளந்துவிடுங்கள். மஞ்சளுக்கும் இது பொருந்தும். பங்களாதேசத்தில் நிறத்துக்காக மஞ்சள் கிழங்கின் மேலேயே ஈயக் குரோமேற்று என்ற ஈயம் கலந்த மஞ்சள் நிறமியைப் பூசியிருந்தார்கள், அதனால் கிழங்காக வாங்கி நானே அரைத்தேன் என்பதும் போதாது.

கண்ணாடிப் பாத்திரங்கள்

பாத்திரத்தில் ஒட்டியிருக்கும் ஈயமும் அளவோடு சேர்ந்துவிடும், அதனால் 10% நைத்திரிக் அமிலத்தில் ஓர் இரவு ஊறட்டும்.

ஈயத்தையும் சாற்றையும் ஒரே நேரத்தில் ஊட்டுவது

சாற்றிலுள்ள தனின்கள் என்ற துவர்ப்புப் பொருட்கள் குடலுக்குள்ளேயே ஈயத்தைப் பிடித்துக்கொள்ளும். அப்போது ஈரல் தப்பியது ஈயம் உள்ளே போகாததால் கூட இருக்கலாம், அதை வைத்து "நச்சை முறிக்கும்" என்று எழுதக் கூடாது. சில மணி நேரம் இடைவெளி விடுங்கள். ஈயத்தை நிறுத்திய பிறகு சாறு கொடுக்கும் குழு ஒன்றும், ஈயம் நிறுத்தியும் சாறே கொடுக்காத குழு ஒன்றும் வேண்டும், ஏனென்றால் உள்ளே போவது நின்றாலே இரத்தத்து ஈயம் தானாகக் குறைந்துவிடும்.

எலியின் அளவை மனிதருக்கு அப்படியே சொல்வது

எலிக்குக் கிலோவுக்கு 200 மில்லிகிராம் கொடுத்தோம் என்றால், மனிதருக்கான அளவைப் பெற அதை 6.2 ஆல் வகுக்க வேண்டும். 60 கிலோ ஆளுக்கு ஏறக்குறைய 2 கிராம் வருகிறது, 12 கிராம் அல்ல.

வீட்டில் யாருக்காவது ஈய நஞ்சு என்றால் சாறு கொடுத்துப் பார்ப்பது

வேண்டாம். ஆஸ்பத்திரிக்குப் போய் இரத்தத்தில் ஈயம் அளக்கச் சொல்லுங்கள். ஈயத்தைப் பிடித்துச் சிறுநீரில் வெளியேற்றும் சக்சிமர் போன்ற மருந்து தேவையா என்று வைத்தியர் முடிவு செய்வார். அதுவரை ஈயம் எங்கிருந்து வருகிறது என்று தேடி அதை நிறுத்துங்கள், அது பழைய பெயின்ற் ஆகவும் இருக்கலாம், உலோக பஸ்பம் கலந்த மருந்தாகவும் இருக்கலாம்.

மாணவியின் வல்லாரையை எலிக்குக் கொடுக்க விடவில்லை. ஒரு கட்டை மட்டும் காய வைத்துச் சோதனைக்கு எடுத்திருக்கிறோம், வியாழக்கிழமை அளக்கிறோம்.