பிள்ளையின் முதல் ஐஸ் ஹொக்கி சீசன்: ஒன்ராறியோப் பெற்றோருக்கு

ஒன்ராறியோவில் பிள்ளைகளின் ஹொக்கி சீசன் செப்ரெம்பர் கடைசியில் அல்லது ஒக்ரோபரில் தொடங்கி மார்ச் வரை போகும். கிரிக்கெட்டும் கிளித்தட்டும் விளையாடி வளர்ந்த பெற்றோருக்கு ஐஸ் புதிது. ஸ்காபரோவிலும் மார்க்கத்திலும் பிள்ளையை அரீனாவுக்குக் கூட்டிப்போகும் பலர் முதல் வருடத்தில் ஒரே இடத்தில்தான் தடுமாறுகிறார்கள். அது விளையாட்டு விதி அல்ல, ஸ்கேற். காலுக்குப் பொருந்தாத, கூர் போன ஸ்கேற்றோடு எந்தப் பிள்ளையும் முன்னேறாது. அதனால் இந்தக் குறிப்பில் ஸ்கேற்றுக்குத்தான் அதிக இடம்.

பதிவு

பதிவை வசந்தகாலத்திலேயே செய்யுங்கள். ஓகஸ்டில் விசாரித்தால் பல ஹொக்கிச் சங்கங்களில் இடம் முடிந்திருக்கும், காத்திருப்போர் பட்டியல்தான் மிஞ்சும். பிரிவு பிறந்த வருடத்தைப் பொறுத்தது. 2025-26 சீசனுக்கு யூ9 (ஒன்பது வயதுக்குட்பட்டோர்) என்றால் 2017, 2018இல் பிறந்தவர்கள். யூ11 என்றால் 2015, 2016. யூ13 என்றால் 2013, 2014. கணக்கு ஜனவரி முதலாம் திகதியில் தொடங்கி டிசம்பர் 31இல் முடிகிறது. டிசம்பரில் பிறந்த பிள்ளை தன்னைவிடக் கிட்டத்தட்ட இரண்டு வயது மூத்தவர்களோடு ஒரே பிரிவில் நிற்க நேரலாம். சிறு வயதில் அந்த வித்தியாசம் உயரத்திலும் வேகத்திலும் அப்படியே தெரியும். அதைத் திறமைக் குறைவு என்று எடுக்காதீர்கள்.

முதல் வருடத்துக்கு ஹவுஸ் லீக் போதும், அதாவது தேர்வில்லாமல் சங்கத்துக்குள்ளேயே ஆடுவது. பெரும்பாலும் வாரத்தில் ஒரு ஆட்டமும் ஒரு பயிற்சியும் இருக்கும், அதுவும் வீட்டுக்குக் கிட்டிய அரீனாவில். ரெப் என்று சொல்லப்படும் ஏ, டபுள் ஏ, ட்ரிபிள் ஏ அணிகளுக்குத் தனித் தேர்வு உண்டு. ரொறன்ரோப் பெரும்பாக லீக்கில் அடுத்த சீசனுக்கான தேர்வு வசந்தத்திலேயே முடிந்துவிடும். செலவும் பயணமும் பல மடங்கு. ஒழுங்காகப் பின்னோக்கி ஸ்கேற் செய்யத் தெரியாத பிள்ளையை ரெப் தேர்வுக்கு அனுப்புவது வீண், மனமும் உடையும். பெண் பிள்ளைகள் கலப்பு அணியிலும் ஆடலாம், ஒன்ராறியோப் பெண்கள் ஹொக்கிச் சங்கத்தின் கீழ் உள்ள தனி அணிகளிலும் ஆடலாம்.

முதன்முறை பதியும்போது பிறப்புச் சான்றிதழும் வதிவிட ஆதாரமும் கேட்பார்கள். பெற்றோரில் ஒருவர் 'ரெஸ்பெக்ற் இன் ஸ்போர்ட்' என்ற இணையப் பாடத்தை முடிக்க வேண்டும். அதற்கு ஏறக்குறைய ஒரு மணித்தியாலம் ஆகும். ரோவன் சட்டம் என்ற ஒன்ராறியோச் சட்டத்தின்படி மூளை அதிர்ச்சி பற்றிய தகவலைப் படித்து ஒவ்வொரு வருடமும் ஒப்பமிட வேண்டும். பெஞ்சில் நின்று உதவ விரும்பினால் பொலிஸ் சான்று தேவை, அது வரப் பல வாரம் எடுக்கலாம். அதைக் கோடையிலேயே கேட்டு வையுங்கள்.

பணம் தடையாக இருந்தால் ஜம்ப்ஸ்ரார்ட், கிட்ஸ்போர்ட் என்ற இரண்டு உதவி அமைப்புகளிலும் உதவிக்கு விண்ணப்பிக்கலாம். இதுவரை ஹொக்கியில் பதியாத 6 முதல் 10 வயதுப் பிள்ளைக்கு 'ஃபர்ஸ்ட் ஷிஃப்ட்' என்ற அறிமுகத் திட்டம் நல்ல வாசல். ஆறு பயிற்சியும் தலையிலிருந்து கால்வரை உபகரணமும் ஒரே கட்டணத்தில் கிடைக்கும்.

ஸ்கேற்

எங்கள் ஆட்களிடம் ஒரு பழக்கம் உண்டு. "வளர்ற பிள்ளைதானே, ஒரு சைஸ் பெரிசா வாங்குவம்." சப்பாத்தில் அது சரி. ஸ்கேற்றில் அதுதான் முதல் பிழை. பெரிய ஸ்கேற்றுக்குள் குதி தூக்கும், கணுக்கால் உள்ளே சரியும், பிள்ளை அலகின் (அடியில் உள்ள இரும்புத் தகட்டின்) விளிம்பில் நிற்கப் பழகாமல் சப்பாத்தின் பக்கச் சுவரில் சாய்ந்து நிற்கப் பழகும். அந்தப் பழக்கத்தை மாற்றப் பிறகு ஒரு சீசன் முழுக்கப் போகும்.

ஹொக்கி ஸ்கேற் வழக்கமாகத் தெருச் சப்பாத்தைவிட ஒன்று முதல் ஒன்றரை அளவு சின்னது. கடையில் மெல்லிய காலுறையோடு போட்டுப் பாருங்கள். கயிறு கட்டாமல், பெருவிரல் முன்பக்கத்தை மெல்லத் தொடும்படி காலை முன்னால் தள்ளுங்கள். குதிக்குப் பின்னால் உங்கள் சுட்டுவிரல் ஒன்று நுழையலாம். இரண்டு விரல் நுழைந்தால் பெரிது. பிறகு கயிறு கட்டி, முழங்காலை மடக்கி நிற்கச் சொல்லுங்கள். விரல்கள் முன்சுவரைவிட்டுச் சற்றுப் பின்வாங்க வேண்டும், குதி அசையக்கூடாது.

புதிய ஸ்கேற் பொதுவாகத் தீட்டாமல்தான் வரும். பெட்டியிலிருந்து எடுத்து நேரே ஐஸில் இறக்கினால் பிள்ளை சவர்க்காரத்தில் நிற்பதுபோல வழுக்கும். தீட்டும்போது கடைக்காரர் 'ஹொலோ' எவ்வளவு என்று கேட்பார். அலகின் அடியில் நீளவாக்கில் ஒரு பள்ளம் இருக்கும், அதன் இரு கரைகள்தான் ஐஸைப் பிடிக்கும் விளிம்புகள். எண் சிறிதானால் பள்ளம் ஆழம், பிடி அதிகம், வழுக்கு ஓட்டம் குறைவு. தொடங்கும் பிள்ளைக்கு அரை அங்குலம் என்று சொல்லுங்கள். மிக மெலிந்த பிள்ளைக்கு உடற்பாரம் போதாமல் பிடி குறைந்தால் எட்டில் மூன்று அங்குலத்துக்கு மாறிப் பார்க்கலாம். எதை வைத்தாலும் சீசன் நடுவே அடிக்கடி மாற்றாதீர்கள், கால் பழகாது.

ஐஸில் ஆறு முதல் எட்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை தீட்டினால் போதும். வாரம் இரண்டு மணி ஆடும் பிள்ளைக்கு அது மூன்று, நான்கு கிழமைக்கு ஒருமுறை. தீட்டி வாங்கியதும் கடையிலேயே சோதியுங்கள். ஸ்கேற்றைத் தலைகீழாகப் பிடித்து அலகின் குறுக்கே ஒரு நாணயத்தை வையுங்கள். நாணயம் ஒரு பக்கம் சரிந்து நின்றால் ஒரு விளிம்பு மற்றதைவிட உயரம், திருப்பிக் கொடுங்கள். "ஒரு பக்கம் திரும்பும்போது மட்டும் விழுகிறான்" என்று கோச் சொன்னால் பிள்ளையை ஏசுவதற்கு முன் அந்த நாணயத்தை வைத்துப் பாருங்கள். அப்படியே விளிம்பு நெடுக நகத்தை மெல்ல ஓட்டினால் எங்கே பல் விழுந்திருக்கிறது என்பதும் தெரியும்.

அரீனாவில் கறுப்பு ரப்பர் விரிப்பில் மட்டும் நடக்க விடுங்கள். கொங்கிறீற்றில் நாலு அடி வைத்தாலே கூர் போய்விடும். ஆட்டம் முடிந்ததும் அலகைத் துணியால் துடைத்து, துணியுறை போட்டுப் பைக்குள் வையுங்கள். பிளாஸ்ரிக் உறை நடப்பதற்கு மட்டும்தான். அதைப் போட்டு மூடி வைத்தால் ஈரம் உள்ளே தங்கி அலகு துருப்பிடிக்கும்.

கயிறு கட்டுவதிலும் ஒரு முறை உண்டு. முதலில் விரல்வரை முழுக்கத் தளர்த்துங்கள், அரைகுறையாகத் தளர்த்தித் திணித்தால் சப்பாத்தின் வடிவம் கெடும். விரல் பக்கம் இலேசாக, கணுக்கால் வளைவில் இறுக்கமாக, மேல் கண்களில் மறுபடி இலேசாகக் கட்டுங்கள். மிஞ்சிய கயிற்றைக் கணுக்காலைச் சுற்றிக் கட்டாதீர்கள். கால் மரத்துப்போகிறது என்று பிள்ளை சொன்னால் பெரும்பாலும் குளிர் காரணம் இல்லை, விரல் பக்கத்துக் கயிறுதான்.

மற்ற உபகரணம்

ஹெல்மெற், கழுத்துக்காப்பு, வாய்க்காப்பு, அடிவயிற்றுக் காப்பு நான்கையும் புதிதாக வாங்குங்கள். முழங்கால் காப்பு, முழங்கைக் காப்பு, தோள் காப்பு, ஹொக்கிக் காற்சட்டை பழையதாக இருந்தாலும் குறையில்லை. பிளே இற் எகெய்ன் ஸ்போர்ட்ஸ் போன்ற கடைகளில் நல்ல நிலையில் கிடைக்கும். பழைய ஸ்கேற் வாங்கினால் அலகில் தீட்டுவதற்கு உலோகம் மிச்சம் இருக்கிறதா, கணுக்கால் பகுதி மெத்தென்று மடிகிறதா என்று பாருங்கள். மடிந்தால் வேண்டாம்.

ஹெல்மெற்றிலும் முகக்கூட்டிலும் சிஎஸ்ஏ முத்திரை வேண்டும். முன்விளிம்பு புருவத்துக்கு மேல் ஒரு விரல் அகலத்தில் நிற்க வேண்டும். தலையை ஆட்டினால் ஹெல்மெற் தனியாக ஆடக்கூடாது. கழுத்துக்காப்பில் பிஎன்கியூ முத்திரை கட்டாயம். இதை விட்டுக்கொடுக்காதீர்கள். 2023 ஒக்ரோபரில் இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் அடம் ஜோன்சன் என்ற தொழில்முறை வீரர் ஸ்கேற் அலகு கழுத்தில் பட்டு இறந்தார்.

ஸ்ரிக் வெறுங்காலில் நிற்கையில் மூக்குவரை, ஸ்கேற்றோடு நாடிவரை இருக்கட்டும். அதில் எழுதியிருக்கும் ஃபிளெக்ஸ் எண் (ஸ்ரிக்கின் விறைப்பைக் காட்டுவது) பிள்ளையின் எடையில் (இறாத்தலில்) ஏறக்குறைய பாதி. 60 இறாத்தல் பிள்ளைக்கு 30. நீளத்தை வெட்டினால் ஸ்ரிக் விறைக்கும், அதனால் வெட்ட வேண்டியிருந்தால் சற்றுக் குறைந்த எண்ணை வாங்குங்கள். எந்தக் கைப் பிள்ளை என்பதை எழுதும் கையை வைத்து முடிவு செய்யாதீர்கள். வலக்கையால் எழுதும் பலர் அந்தக் கையை ஸ்ரிக்கின் மேல்நுனியில் வைத்து இடப்பக்கமாக அடிப்பார்கள். ஒரு ஸ்ரிக்கை நிலத்தில் வைத்து எடுக்கச் சொல்லி, எது இயல்பாக வருகிறது என்று பாருங்கள்.

ஆட்ட நாள்

முதல் சீசனில் 45 நிமிடம் முன்னதாகப் போங்கள். உடுக்கும் ஒழுங்கு: உள்ளாடை, அடிவயிற்றுக் காப்பு, முழங்கால் காப்பு, காலுறை, காற்சட்டை, ஸ்கேற், பிறகு கழுத்து, தோள், முழங்கை, ஜேர்சி, ஹெல்மெற், கையுறை. தோள் காப்பை முதலில் போட்டால் குனிந்து ஸ்கேற் கட்ட முடியாது. கீழிருந்து மேலே போவது அதற்குத்தான். உள்ளாடையை வீட்டிலேயே போட்டு அனுப்புங்கள். உடைமாற்றும் அறையில் எல்லாப் பிள்ளைகளும் எப்போதும் குறைந்தபட்ச உடையோடு இருக்க வேண்டும் என்பது ஹொக்கி கனடாவின் விதி. அங்கே கைத்தொலைபேசியும் கூடாது.

சாப்பாடு: சோறு என்றால் மூன்று மணி முன்பு. இட்லியோ இடியப்பமோ இரண்டு மணி முன்பு. கிளம்பும்போது ஒரு வாழைப்பழம். கொத்துறொட்டியும் வடையும் ஆட்டம் முடிந்த பிறகு. காலை ஆறு மணிப் பயிற்சிக்கு முழுச் சாப்பாடு இறங்காது, பாணும் வாழைப்பழமும் போதும்.

பார்வையாளர் இருக்கையில் நீங்கள் புரிந்துகொள்ள வேண்டியது மூன்று விஷயம். பக் (ஆடும் ரப்பர் வட்டு) எதிரணிப் பக்கத்து நீலக்கோட்டைத் தாண்டுவதற்கு முன் தாக்கும் பக்கத்து வீரர் தாண்டினால் ஓஃப்சைட். தன் பாதியிலிருந்து அடித்த பக் யாரும் தொடாமல் எதிரணியின் கோல் கோட்டைக் கடந்தால் ஐசிங். சிறு குற்றத்துக்கு இரண்டு நிமிடம் வெளியே. யூ13வரை உடம்பால் மோதித் தள்ளுவதற்கு அனுமதி இல்லை. தலையில் படும் எந்த மோதலும், தெரியாமல் பட்டாலும், குற்றமே. ஒன்ராறியோப் பிள்ளைகளின் ஜேர்சி முதுகில் பல இடங்களில் சிவப்பு 'ஸ்ரொப்' சின்னம் இருக்கும். முதுகைப் பார்த்தால் தள்ளாதே என்பதற்கு. பக்கை எடுக்கப் போகும்போது சுவரை நேருக்கு நேர் பார்த்து நிற்காமல் சாய்வாக நிற்க வேண்டும் என்பதையும் வீட்டிலேயே சொல்லிக் கொடுங்கள்.

தலையில் அடிபட்டு, தலைவலி, வாந்தி, மயக்கம், குழப்பம், வெளிச்சம் பிடிக்காமை ஏதாவது தெரிந்தால் அன்றைக்கு ஆட்டம் முடிந்தது. பிள்ளை "எனக்கு ஒண்டும் இல்லை" என்று அழுதாலும் முடிந்தது. வாந்தி தொடர்ந்தாலோ, நினைவு தப்பினாலோ, கழுத்து வலித்தாலோ, வலிப்பு வந்தாலோ 911. மருத்துவரோ நேர்ஸ் பிராக்ரிஷனரோ எழுதித் தந்த பிறகே, முதலில் பள்ளிக்கூடம், பிறகு படிப்படியாக ஐஸ்.

ஜனவரி

சீசன் உடைவது ஜனவரியில். இருட்டு, பனிப்புயல், சளி, போதாததற்குச் சனிக்கிழமை தமிழ் வகுப்பும் மிருதங்க வகுப்பும். ஆட்ட அட்டவணை வந்த அன்றே அணி மனேஜரிடம் எந்த நேரங்கள் முடியாது என்று சொல்லிவிடுங்கள். கடைசி நிமிடத்தில் வராமல் விடுவதுதான் அணியைப் பாதிக்கும். பிள்ளைக்கு ஆட நேரம் குறைவாகக் கிடைத்தது என்று மனம் கொதித்தால் 24 மணி நேரம் பொறுத்து, மனேஜர் வழியாகக் கோச்சிடம் கேளுங்கள். அரீனா வாசலில் கேட்காதீர்கள். காரில் வீடு திரும்பும்போது பிழை சொல்லாதீர்கள். களைத்த பிள்ளைக்கு அப்போது தேவை சாப்பாடும் சூடும்.

ஸ்கேற்றிங் முன்னேற வேண்டுமென்றால் கூடுதல் பணம் தேவையில்லை. ரொறன்ரோ நகரசபையின் திறந்தவெளி றிங்க்குகளில் குளிர்காலத்தில் இலவசமாக ஸ்கேற் செய்யலாம். வாரம் ஒருமுறை, பக்கும் ஸ்ரிக்கும் இல்லாமல், நிற்பதும் திரும்புவதும் பின்னோக்கி ஓடுவதும். தனிப் பயிற்சிக்குப் பணம் கட்டுவதைவிட முதல் வருடத்தில் இதுதான் பலன் தரும்.

வீட்டுக்கு வந்ததும் பையைத் திறந்து எல்லாவற்றையும் வெளியே எடுத்துத் தொங்கவிடுங்கள். மணத்துக்குக் காரணம் வியர்வை அல்ல, ஈரத்தில் பெருகும் கிருமி. மின்விசிறி போதும். ஹீற்றருக்குப் பக்கத்தில் வைத்தால் கையுறையின் தோல் வெடிக்கும், ஸ்கேற்றின் பசை விடும். உள்ளாடையும் ஜேர்சியும் ஒவ்வொரு முறையும் தோய்க்க வேண்டும்.

மார்ச்சில் கடைசி ஆட்டம் முடிந்த வாரமே பிள்ளையின் பாதத்தை அளந்து, குதிக்குப் பின்னால் விரல் நுழைகிறதா என்று பாருங்கள். இன்னும் நுழைந்தால் அந்த ஸ்கேற் அடுத்த சீசனுக்கும் ஓடலாம். நுழையாவிட்டால் அதைத் துடைத்துக் காயவைத்து, விற்கக் கொடுத்துவிடுங்கள். கோடையில் வாங்குவோர் குறைவு.