சித்திரை வெயிலுக்கு மோர் மிளகாய்

பெருந்துறையில் எங்கள் மொட்டை மாடியில் சித்திரை மதியம் கால் வைக்க முடியாது. மோர் மிளகாய்க்கு அந்த வெயில்தான் சரி.

அரைக் கிலோ குண்டு மிளகாயைக் காம்போடு கழுவித் துடைத்து, நுனியில் சின்னதாகக் கீறுங்கள். கீறிய கையால் கண்ணைக் கசக்காதீர்கள். ஒரு மதியம் முழுக்க அழுதவன் சொல்கிறேன்.

புளித்த கெட்டி மோர் அரை லிட்டரில் ஒரு கைப்பிடி கல்லுப்பைக் கரைத்து, இரண்டு நாள் ஊறப் போடுங்கள். அப்புறம் பகலில் மிளகாயை மட்டும் வெயிலில் பரப்பி, சாயங்காலம் திரும்ப அதே மோரில் போட வேண்டும். மோர் முழுக்க இழுக்கும்வரை இதே வேலைதான். கடைசியில் நன்றாகக் காயட்டும். அம்மா நாள் கணக்கெல்லாம் பார்ப்பதில்லை. ஒன்றைக் காதருகே குலுக்குவார், உள்ளே விதை கலகலத்தால் டப்பாவுக்குப் போகும்.

அரிசிம்பருப்பு சோறு அடுப்பில் கொதிக்கும்போதே எண்ணெயைக் காய வையுங்கள். மிளகாய் கருப்பாகப் பொரிய ஒரு நிமிடம்கூட ஆகாது.