ஸ்குவாஷ் பதக்கமும் அமெரிக்கப் பல்கலைக்கழகமும்: பெற்றோர் செய்யும் தவறுகள்

போன மாதம் புக்கிட் ஜாலில் ஸ்குவாஷ் கோர்ட்டுக்கு வெளியே ஓர் அம்மா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். மடியில் தடித்த பிளாஸ்டிக் ஃபைல். எம்.எஸ்.எஸ்.எம். என்ற மலேசியப் பள்ளிகளின் தேசியப் போட்டியில் வெள்ளி, மாநில அளவில் இரண்டு தங்கம் என்று ஒவ்வொரு தாளாகப் புரட்டிக் காட்டினார். "அண்ணே, இதையெல்லாம் ஸ்கேன் பண்ணி அனுப்பினா கோர்னெல்ல இடம் கிடைச்சிடும்தானே? சிவசங்கரியும் அங்கதானே படிச்சாங்க?" உள்ளே அவர் மகள் ராக்கெட்டின் பழைய கிரிப்பைப் பிரித்துப் புதிதாகச் சுற்றிக்கொண்டிருந்தாள்.

மலேசிய ஸ்குவாஷ் வீராங்கனை சிவசங்கரி சுப்பிரமணியம் அமெரிக்காவின் கோர்னெல் பல்கலைக்கழகத்தில் படித்தது உண்மைதான். ஆனால் சான்றிதழை அனுப்பிவிட்டுக் காத்திருப்பதுதான் நான் அடிக்கடி பார்க்கும் தவறு. அந்தப் பல்கலைக்கழகத்தின் கோச், "இந்தப் பிள்ளை என் அணிக்கு வேண்டும்" என்று சேர்க்கை அலுவலகத்தில் பெயர் கொடுக்க வேண்டும். விளையாட்டின் முழுப் பலன் அங்கேதான் இருக்கிறது. ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தின் மாணவர் சேர்க்கை பற்றிய வழக்கில் வெளிவந்த கணக்கில், அப்படிக் கோச் தேர்ந்தெடுத்த விளையாட்டாளர்களில் 100க்கு 86 பேருக்கு இடம் கிடைத்திருந்தது. கோச் கேட்காத பிள்ளைக்கு அதே பதக்கம் விண்ணப்பத்தில் ஒரு வரி, அவ்வளவுதான்.

கல்லூரி ஆட்டத்தில் ஓர் அணிக்கு 9 பேர். அதனால் ஒரு கோச் வருடத்துக்குச் சிலரைத்தான் எடுக்க முடியும். எம்.எஸ்.எஸ்.எம். என்றால் என்னவென்று அவருக்குத் தெரிந்திருக்காது. பிரிட்டிஷ் ஜூனியர் ஓப்பனில் எந்தச் சுற்று வரை போனாள், யாரை வென்றாள், முழு ஆட்டத்தின் வீடியோ எங்கே என்று கேட்பார். நான்காம் படிவத்திலேயே (16 வயதில்) கோச்சுக்கு எழுதத் தொடங்குங்கள். பிள்ளையே எழுதட்டும், அப்பா எழுதிய மின்னஞ்சல் இரண்டாவது வரியிலேயே தெரிந்துவிடும்.

சிலம்பம் பற்றியும் நிறையப் பேர் கேட்கிறார்கள். அரிய கலை என்பதால் கூடுதல் மதிப்பு இருக்கும் என்று நினைக்கிறார்கள். அமெரிக்கப் பல்கலைக்கழக அணிகளில் சிலம்பம் இல்லை. அதனால் பெயர் கொடுக்க அங்கே கோச்சும் இல்லை. அதற்காகக் கம்பைக் கீழே போட வேண்டாம். பத்து வருடம் சுற்றிய பிள்ளை அதைப் பற்றி எழுதும் கட்டுரைக்கு உயிர் இருக்கும். ஆனால் அதை ஸ்குவாஷ் கணக்கில் சேர்க்காதீர்கள்.

அப்புறம் பணம். ஐவி லீக் என்பது கோர்னெல் உள்ளிட்ட 8 புகழ்பெற்ற அமெரிக்கப் பல்கலைக்கழகங்களின் கூட்டமைப்பு. அவற்றில் விளையாட்டு ஸ்காலர்ஷிப் கிடையாது. குடும்ப வருமானத்தைப் பார்த்துத்தான் உதவி. அதிலும் ஹார்வர்ட், யேல், பிரின்ஸ்டன் போன்ற இடங்கள் வெளிநாட்டு மாணவருக்கும் பணத் தேவையைப் பார்க்காமலே இடம் கொடுக்கின்றன. கோர்னெல், கொலம்பியா, பென்சில்வேனியா வெளிநாட்டு மாணவர் விஷயத்தில் அதையும் பார்க்கின்றன. இவ்வளவு உதவி தேவைப்படும் என்று கோச்சிடம் ஆரம்பத்திலேயே சொல்லிவிடுங்கள். கூச்சப்பட்டுக் கடைசியில் சொன்னால் இரண்டு வருட உழைப்பு வீணாகிவிடும்.

பயிற்சிக்காகப் படிப்பைத் தளர விடுவதும் ஆபத்து. ஐவி லீக்கில் விளையாட்டாளரின் மதிப்பெண்ணையும் தேர்வையும் சேர்த்து ஒரு குறியீடு போடுகிறார்கள். அது இறங்கினால் கோச்சே கைவிரிப்பார். அவர் வாயால் "சரி" என்று சொன்னதையும் இடம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். பல்கலைக்கழகத்தின் கடிதம் வரட்டும்.

இங்கே மலேசியாவில் அரசாங்கப் பல்கலைக்கழகக் கணக்கு வேறு. அவற்றில் சேர்வதற்கான யு.பி.யு. விண்ணப்பத்தில் கல்விக்கு 90 விழுக்காடு, புறப்பாடத்துக்கு 10. அங்கே அந்த எம்.எஸ்.எஸ்.எம். வெள்ளிக்கு நேரடிப் புள்ளி உண்டு. ஃபைலைப் பத்திரமாக வையுங்கள்.

இல்லாத சாதனையை மட்டும் எழுதவே எழுதாதீர்கள். 2019இல் அமெரிக்காவில் வெளியான மோசடியில், துடுப்பே பிடிக்காத பிள்ளைகளைப் படகோட்டிகள் என்று காட்டிய பெற்றோர் சிறைக்கே போனார்கள்.

அந்த அம்மா ஃபைலை மூடிவிட்டு மகளைக் கூப்பிட்டார். வீடியோ எடுக்கக் கைப்பேசியை எங்கே வைப்பது என்று அவளுக்குக் காட்டிக் கொடுத்தேன்: பின்பக்கக் கண்ணாடிக்கு நடுவில், கொஞ்சம் உயரத்தில், முன்சுவர் முழுக்கத் தெரிகிற மாதிரி.